பதின்மூன்று துறைகளும் பனித்தீவு ராஜாவும்

முன்னொரு காலத்திலே, மீனுக்குப் பேச்சும் மனுசருக்குப் பொறுமையும் இருந்த காலத்திலே, கிழக்குக் கடலோரம் பதின்மூன்று துறைகள் இருந்தன. துறைக்கு ஓர் ஊர், ஊருக்கு நூறு படகு. பதின்மூன்றும் சேர்ந்தால் ஒரு நாடு. ஆனால் அவை எங்கே சேர்ந்தன? புன்னைத்துறைக்காரனுக்கு வாகைத்துறை மீன் நாறும். வாகைத்துறைக்காரனுக்குப் புன்னைத்துறைப் பேச்சே நாறும். தாழைத்துறை என்றால் இரண்டு பேருக்கும் ஆகாது. அங்கே எல்லோருக்கும் வாய் நீளம்.

அந்த நாட்டுக்கு ராஜா கிடையாது. ராஜாவுக்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. கோயில் மாட்டுக்குச் சலங்கை கட்டுவதா, உடைந்த கரையை அடைப்பதா, எதுவானாலும் தமுக்கு அடித்து ஜனங்களைக் கூட்ட வேண்டும். "சம்மதமா? சம்மதமா? சம்மதமா?" என்று மூன்று தரம் கேட்க வேண்டும். மூன்று தரமும் "சம்மதம்" என்று கூட்டம் சொன்னால்தான் காரியம் நடக்கும். ஒரு தரம் மாறினாலும் நடக்காது.

நல்ல வழக்கம்தான். ஆனால் பழகிப்போன வழக்கம். தமுக்குச் சத்தம் நின்றதும் வாய் தானாகச் "சம்மதம்" என்று சொல்லிவிடும். வெற்றிலை மெல்லுகிறவன் மென்றுகொண்டே சொல்லுவான். சண்டை போடுகிறவள் சண்டையை நிறுத்தி, மூன்று தரம் சம்மதம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டுவாள். என்ன கேட்டார்கள் என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

தாழைத்துறையில் தமுக்கு அடிப்பவள் காத்தாயி. பதின்மூன்று துறையிலும் அவளுக்குத்தான் பெரிய குரல். அதனால் வருசத்துக்கு ஒரு நாள், பதின்மூன்று துறையும் தாழைத்துறைக் கரையிலுள்ள கூடல் மணலில் கூடும் திருவிழா அன்றைக்கு, எல்லோருக்கும் சேர்த்து அவளே கேட்பாள். அவள் புருசன் சங்கிலி. பெரிய படகில் முன்னால் நின்று "ஏலேலோ" போடுகிறவன். அவன் ஏலேலோவுக்கு நாற்பது துடுப்பும் ஒரே நேரத்தில் விழும். அவள் கூப்பிட்டால் ஊர் கூடும், அவன் கூப்பிட்டால் துடுப்பு கூடும். வீட்டுக்குள் இருவரும் பேசினால் அடுத்த தெருக் குழந்தை விழித்துக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் மேற்கு மலையில் எலும்புமுறி என்று ஒரு ராட்சசன் இருந்தான். ஆட்டைத் தின்றான், மாட்டைத் தின்றான், ஆளையும் தின்னத் தொடங்கினான். துறைக்காரர்கள் வேல் பிடித்தார்கள், போதவில்லை. அப்போது ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் பனித்தீவில் இருந்த ராஜா, பெரிய மந்திரவாதி, "நான் இருக்கிறேன்" என்று ஆயிரம் இரும்பு வீரர்களை அனுப்பினான். அந்த வீரர்களுக்கு உள்ளே ஆள் கிடையாது. வெறும் கவசம்தான். ராஜா ஊதிய மூச்சு உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஏழு வருசம் சண்டை. இரும்பு வீரரும் அடித்தார்கள், துறைக்காரரும் அடித்தார்கள். எலும்புமுறி நொண்டி நொண்டி ஓடிப்போனான். ஆனால் பனித்தீவு ராஜாவுக்கு ஞாபகசக்தி ஒரு தினுசு. தன் வீரர் அடித்தது நினைவிருந்தது, துறைக்காரர் அடித்தது மறந்துவிட்டது.

அடுத்த திருவிழாவுக்கு அவனுடைய பிரதிநிதி வந்து இறங்கினான். பெயர் வக்கிரபாகு. தென்னை உயரம், தென்னை ஈர்க்கு உடம்பு. தலைக்கு மேலே பட்டுக்குடை, இடுப்பில் ஒரு கண்ணாடிக் குப்பி. கையில் நீளமான ஓலை.

"மகாஜனங்களே! ராட்சசனை விரட்டிய ராஜா ஒரு சிறிய ஆணை அனுப்பியிருக்கிறார். பெண்ணே, உங்கள் வழக்கப்படி வாசித்துக் கேள்."

ஓலை ஏழு முழம் இருந்தது. வெயிலோ உச்சியில். மணலில் பதின்மூன்று அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் கொதித்து, நெய் வாசனை காற்றிலே வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. காத்தாயி காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"சீக்கிரம் படிச்சு முடி புள்ளே, அடி பிடிச்சிரப் போகுது!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

அவளும் படித்தாள். படித்தாள் என்றா சொல்வது? ஓட்டினாள். ஏழு முழத்தையும் ஏழு மூச்சில் ஓட்டி முடித்து, தமுக்கைத் தட்டி, "சம்மதமா? சம்மதமா? சம்மதமா?" என்றாள்.

"சம்மதம்! சம்மதம்! சம்மதம்!" அத்தனை கண்ணும் அண்டாவில் இருந்தன.

வக்கிரபாகு சிரித்தான். ஓலை ஒரு தரம் நீலமாக எரிந்து அணைந்தது. எல்லோரும் பொங்கல் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தாழைத்துறைப் பெண்கள் தண்ணீருக்குப் போனார்கள். குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை. புதுக்குடம் ஒழுகிற்று, பழைய குடம் ஒழுகிற்று, செம்புக் குடமும் ஒழுகிற்று. ஓட்டை எங்கேயென்று தடவினால் ஓட்டையே இல்லை.

"ராஜமுத்திரை இல்லாத பாத்திரத்தில் எதுவும் நிற்காது" என்றான் வக்கிரபாகு. "ஓலையில் இருக்கிறதே! முத்திரை போட்ட பானை பனித்தீவிலிருந்து கப்பலில் வரும். பானைக்கு மூன்று மூட்டை நெல்."

"மூணு மூட்டையா! எங்க ஊர்லே குயவருக்கு ரெண்டு மீன் குடுத்தா பானை கிடைக்குமே!"

"அது ஒழுகுகிற பானை அல்லவா?" என்றான் அவன்.

ஒரு வருசம் போயிற்று. அடுத்த திருவிழாவுக்கு இரண்டாவது ஓலை வந்தது. இந்த முறை ஓலை சின்னது. காத்தாயி நிறுத்தித்தான் படித்தாள். ராட்சசன் திரும்பி வந்தால் என்ன செய்வது, அதனால் வீட்டுக்கு ஓர் இரும்பு வீரன் தங்குவான், அவனுக்குச் சோறும் பாயும் கொடுக்க வேண்டும் என்று இருந்தது.

தமுக்கு அடித்தது. வாய் பழகின வாய். "சம்மதம்" என்று கூட்டம் மூன்று தரமும் சொல்லிவிட்டுத்தான், "ஐயோ, என்ன சொன்னோம்?" என்று விழித்தது.

ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "சம்மதமில்லே! எங்கிட்ட இருக்கிறதே ஒரு பாய்தான்!"

சங்கிலி.

வக்கிரபாகு குப்பியின் மூடியைத் திருகினான். சங்கிலியின் வாயிலிருந்து தட்டான் பூச்சி மாதிரி ஒன்று பளபளவென்று பறந்துபோய்க் குப்பிக்குள் விழுந்தது. மூடியை மூடினான். குப்பிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள் இருந்து வருவது போல, "ஏலேலோ... ஏலேலோ..." என்று கேட்டது. சங்கிலி வாயைத் திறந்தான். காற்று வந்தது. பேச்சு வரவில்லை.

"எம்புருசன் குரலைக் குடுரா!" என்று காத்தாயி பாய்ந்தாள். நான்கு இரும்பு வீரர் குறுக்கே வந்தார்கள்.

"பன்னிரண்டு வருசம் குப்பியில் ஊறினால் குரல் கரைந்து என் ராஜாவின் மூச்சோடு கலந்துவிடும்" என்றான் வக்கிரபாகு. "அப்புறம் கேட்டாலும் தர முடியாது. இதுவும் ஓலையில் இருந்ததே, நீதானே படித்தாய்?"

அன்றிலிருந்து காத்தாயியின் வீட்டில் சத்தமே இல்லை. இரும்பு வீரன் பாயில் படுத்துக்கொண்டு குறட்டை விடுவான். சோறு போட்டால் கழுத்து வழியாகக் கொட்டிக்கொள்வான். அது கணுக்காலில் வந்து கடகடவென்று நிற்கும். "இன்னும் குழம்பு" என்பான். சங்கிலி படகுக்குப் போவான். ஏலேலோ இல்லாமல் நாற்பது துடுப்பும் நாற்பது நேரத்தில் விழும். படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் போகும். வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் உட்காருவான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் அன்றைக்கு ஓலையை ஓட்டியதைப் பற்றி ஒரு நாளும் அவன் சைகையில்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது.

மூன்றாம் வருசம் தாழைத்துறைக்குப் பொறுக்கவில்லை. மீன்காரி இருளாயி முந்தானையைச் செருகிக்கொண்டு பானை கொண்டுவந்த கப்பலில் ஏறினாள். பின்னாலேயே ஊரே ஏறியது. முத்திரை போட்ட பானைகளை ஒன்று ஒன்றாகத் தூக்கி, பட்டப்பகலில், கடலில் போட்டார்கள்.

"இது எம்மாமியாருக்கு!" டபீர்.

"இது உன் ராஜாவோட மாமியாருக்கு!" டபீர்.

முந்நூற்று அறுபது பானை. கடலோரமெல்லாம் பானை ஓடு ஒதுங்கிற்று.

வக்கிரபாகுவுக்கு முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கைத்தடியால் தண்ணீரை ஒரு தட்டு தட்டினான். தாழைத்துறைக் கடல் அப்படியே நின்றது. எழுந்த அலை எழுந்தபடி, விழுந்த நுரை விழுந்தபடி, கண்ணாடி போல இறுகிவிட்டது. படகு நகரவில்லை. மீன்கள் கண்ணாடிக்குள் முழித்துப் பார்த்தன. இருளாயியோடு சேர்த்து, பேசப்போன பதினாறு பேருக்குப் பேச்சு போயிற்று. குப்பிக்குள் இப்போது பதினேழு குரல்.

ஊர் பட்டினி கிடந்தது. அப்போது ஓர் அதிசயம் நடந்தது. வாகைத்துறையிலிருந்து இரண்டு வண்டி அரிசி வந்தது. வண்டிக்காரன் இறக்கிவைத்துவிட்டு, "உங்களைக் கண்டா எங்களுக்குப் பிடிக்காதுதான், அதுக்காகச் சாகவா விடுவோம்?" என்று கடுகடுத்துவிட்டுப் போனான்.

நியாயம் கேட்டு ராஜாவுக்கே விண்ணப்பம் அனுப்புவது என்று முடிவாயிற்று. கூழைக்கடா ஒன்று அந்தக் கரையில் இருந்தது. வயசான பறவை, ஏழு கடலும் தெரியும். காத்தாயி அதைக் கடா மாமா என்பாள்.

முதல் விண்ணப்பத்தை அலகுப் பைக்குள் வைத்துக்கொண்டு பறந்தது. பதில் இல்லாமல் திரும்பியது. இரண்டாவதைக் கொண்டு பறந்தது. பதில் இல்லாமல் திரும்பியது. மூன்றாவதைக் கொண்டு பறந்து, இறகு பாதி உதிர்ந்து, தள்ளாடிக்கொண்டு வந்து மணலில் விழுந்தது.

"முதல்லே ஒரு மீன் குடு மருமகளே, அப்புறம் பேசறேன்."

"மீன் எல்லாம் கண்ணாடிக்குள்ள கெடக்கு மாமா. அரிசிக் கஞ்சிதான்."

"பறவைக்குக் கஞ்சியா! சரி, குடு." குடித்துவிட்டு இறகை உதறியது. "உன் விண்ணப்பம் மூணும் ராஜாவோட ஜன்னல்லே கெடக்கு. பிரிக்கவே இல்லே. ஒண்ணை மடிச்சு ஆடுற மேசைக்கு முட்டுக் குடுத்திருக்கான்."

காத்தாயி பல்லைக் கடித்தாள்.

"கேளு, அவன் மந்திரி கேக்கறான், 'ராஜாவே, இவ்வளவு தூரத்துலே இருந்து மந்திரம் எப்படிப் பலிக்குது?' அதுக்கு அவன் விழுந்து விழுந்து சிரிக்கறான். 'என் மந்திரத்துக்குக் கடல் தாண்டத் தெம்பு ஏதுடா? அவங்க மூணு தரம் சம்மதம் சொல்றாங்க பாரு, அதுமேலே ஏறி நிக்குது. இந்த வருசம் இன்னொரு ஓலை போகுது. அதுக்கும் சம்மதம் வாங்கிட்டா அப்புறம் கேக்கவே வேண்டாம்'னான்."

காத்தாயி எழுந்து வீட்டுக்கு ஓடினாள். பரணில் சுருட்டிவைத்திருந்த முதல் ஓலையின் நகலை எடுத்தாள். ஏழு முழத்தையும் தரையில் விரித்து, விரலை வைத்து, சொல் சொல்லாகப் படித்தாள். அன்று ஏழு மூச்சில் ஓடியதைப் படிக்க இன்று ஒரு பகல் பிடித்தது. முத்திரை இருந்தது. கடலைப் பூட்டுவது இருந்தது. ஐந்தாம் முழத்தில், 'தனித்து எழும் மறுப்புக் குரல் ராஜாவைச் சேரும்' என்று இருந்தது.

தனித்து. அந்தச் சொல்லின்மேல் விரல் நின்றது.

"மச்சான்! இங்கே பாரு. தனியாச் சொன்னாத்தான் புடிக்கும். எல்லாரும் சேந்து ஒரே நேரத்துலே சொன்னா யாரைப் புடிப்பான்?"

சங்கிலி ஓலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கையை விரித்து, பதின்மூன்று என்று விரலால் காட்டி, இரண்டு முட்டியையும் மோதிக் காட்டினான். பதின்மூன்று துறை எங்கே சேரப் போகுது என்று அர்த்தம்.

"சேக்குறேன் வா" என்றாள்.

முதலில் புன்னைத்துறைக்குப் போனார்கள். அங்கே ஊர்த்தலைவர் வேலப்பன். "பூட்டினது உங்க கடலைத்தானே? எங்க கடல் நல்லா அலையடிக்குது" என்றார்.

காத்தாயி ஓலையை விரித்தாள். "படிங்க சித்தப்பா. 'ஆணையை மீறும் துறையின் கடல் பூட்டப்படும்.' தாழைத்துறைன்னு எங்கேயாவது எழுதியிருக்கா?"

அவர் தேடினார். ஊர்ப் பெயரே இல்லை. தேடத் தேட அவருக்கு வியர்த்தது. உள்ளேயிருந்து இரும்புக் குரல், "இன்னும் குழம்பு!" என்றது. வேலப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வர்றோம் தாயி" என்றார்.

அடுத்து வாகைத்துறை. அங்கே ஊர்த்தலைவி சீனியம்மாள், வாய்க்காரி. "முப்பது வருசமா எங்க வலை எல்லையிலே நீங்க வலை போடுறீங்க. இப்ப உங்களோட சேந்து நிக்கணுமா?"

"வலைச் சண்டையை விட வேண்டாம் அத்தே. நல்லாப் போடுவோம். ஆனா சண்டை போட நமக்குக் கடல் வேணுமா வேண்டாமா?"

சீனியம்மாள் வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். அவள் அப்படி யோசித்து ஊர் பார்த்ததே இல்லை. "சரி. ஆனா முடிஞ்சதும் எல்லையைப் பேசணும்" என்றாள்.

மூன்றாவது கடம்பத்துறை. அங்கே எல்லோருக்கும் பயம். "நீங்க முதல்லே சொல்லுங்க, நாங்க பின்னாடியே சொல்றோம்" என்றார்கள். எல்லாத் துறைக்கும் உள்ளுக்குள் அதே பேச்சுதான். முதலில் சொல்பவன் தொண்டை போகுமே!

காத்தாயி மறுபடி ஓலையை விரிக்கப் போனாள். பக்கத்தில் நின்ற சங்கிலி முன்னால் வந்தான். தரையில் கிடந்த இரண்டு துடுப்புகளைக் கடம்பத்துறை ஆட்கள் இருவர் கையில் கொடுத்தான். தன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான். அவர்கள் துடுப்பைத் தூக்கினார்கள். கையை இறக்கினான். இரண்டு துடுப்பும் ஒன்றாக மணலில் விழுந்தன. மறுபடி தூக்கினான், மறுபடி இறக்கினான். பத்துப் பேர் வந்து நின்றார்கள், இருபது பேர் வந்து நின்றார்கள். ஒரே சத்தம்.

"அட, முதல் ஆளே இல்லையேப்பா" என்றார் ஒரு கிழவர். மிச்சத் துறைகளுக்கும் போய் இருவரும் இதையே காட்டினார்கள்.

திருவிழா வந்தது. கூடல் மணலில் பதின்மூன்று துறையும் கூடிற்று. சுற்றிலும் இரும்பு வீரர்கள். இந்த முறை அண்டாவில் பொங்கல் இல்லை, யாரும் வைக்கவில்லை. வக்கிரபாகு குடையின் கீழே நின்று ஓலையை நீட்டினான். ஒரே ஒரு வரி.

"பெண்ணே, வழக்கப்படி."

காத்தாயி குப்பியைப் பார்த்தாள். இன்றைக்குத் தவறினால் குப்பிக்குள் இருப்பது கரைந்தே போகும். இனி எந்த வாயும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. தமுக்கைத் தட்டினாள். "சம்மதமா?"

"சம்மதம்!"

பாதிக் கூட்டம் சொல்லிவிட்டது! வேண்டுமென்று இல்லை. தமுக்கு நின்றது, வாய் திறந்தது. சொன்னவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடம்பத்துறைக் கிழவர் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டார்.

"ஒன்று" என்றான் வக்கிரபாகு, சிரித்துக்கொண்டே.

காத்தாயி தமுக்கைக் கழுத்திலிருந்து கழற்றி மணலில் வைத்தாள்.

"தமுக்கில்லாமல் கேட்கக் கூடாது!"

"தமுக்கு கூப்பிடறதுக்குய்யா. கூப்பிட்டாச்சு, எல்லாரும் வந்தாச்சு. இனிமே கேக்கறதுதான் பாக்கி." அவள் கூட்டத்துக்குள் நடந்தாள். கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போலப் பேசினாள். "நல்லாக் கேட்டுக்கோங்க. முதல் ஓலையை நான் ஓட்டிட்டேன், அது என் தப்பு. இன்னிக்கு ஒரே வரிதான். 'இனித் துறைகளுக்குத் தமுக்கு வேண்டாம். துறைகளின் சம்மதத்தை வக்கிரபாகுவே சொல்லுவான்.' அதாவது அத்தே, உங்க மகளை யாருக்குக் கட்டிக்குடுக்கறதுன்னு இவர் சொல்லுவாரு. சித்தப்பா, உங்க பாயிலே யாரு படுக்கறதுன்னு இவர் சொல்லுவாரு. நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம், அவ்வளவு சௌகரியம். சம்மதமா?"

யாரும் பேசவில்லை. அலைகூட இல்லாத கடல், பேச்சில்லாத கூட்டம். வக்கிரபாகு குப்பியைத் திறந்து பிடித்துக்கொண்டு இங்கேயும் அங்கேயும் பார்த்தான். பிடிக்க ஒரு குரலும் இல்லை.

"சம்மதமா?" என்று மூன்றாவது தரம் கேட்டாள்.

சங்கிலி மணல்மேட்டில் ஏறி நின்றான். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான். பதின்மூன்று துறையும் மூச்சை இழுத்தது. கையை இறக்கினான்.

"சம்மதமில்லை!"

பத்தாயிரம் தொண்டை, ஒரே சொல். குப்பி எதைப் பிடிக்கும்? எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தது. வீங்கியது, சிவந்தது, படீர் என்று வெடித்தது. கண்ணாடிக் கடல் விரிசல் விட்டு, நின்றிருந்த அலை மூன்று மாதத்துக் கோபத்தோடு கரையில் வந்து விழுந்தது. வக்கிரபாகுவின் குடை பறந்தது. குடையைப் பிடித்துக்கொண்டிருந்த வக்கிரபாகுவும் பறந்தான். எங்கே விழுந்தான் என்று யாரும் தேடவில்லை.

பதினேழு குரலும் வெளியே வந்தன. வந்த அவசரத்தில் கிடைத்த தொண்டையில் புகுந்துகொண்டன! சங்கிலி ஆசையாக வாயைத் திறந்தான். குரல் இழந்த பதினாறு பேரில் ஒருவரான, தாழைத்துறைப் பல் போன கிழவர் குரலில் "காத்தாயி" என்று வந்தது. மீன்காரி இருளாயி வாயைத் திறந்தாள். "ஏலேலோ!" என்று இடி மாதிரி வந்தது. அவளே பயந்து உட்கார்ந்துவிட்டாள்.

சிரிக்க நேரம் இல்லை. மந்திரம் போனாலும் வாள் போகவில்லையே! இரும்பு வீரர்களுக்குள் ராஜாவின் மூச்சு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆயிரம் வாளும் ஒன்றாக உருவப்பட்டன. அன்றைக்கு, அந்த மணலில், சண்டை தொடங்கிற்று.

முதல் நாள் சண்டையில் தாழைத்துறைப் படகுகளுக்கு இருளாயிதான் ஏலேலோ போட்டாள். மூன்றாம் நாள் அவளும் சங்கிலியும் எதிரெதிரே நின்று மூக்கில் மிளகுப்பொடி போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் தும்மினார்கள். குரல் அவனிடம் வந்தது. கிழவரின் குரல் அவளிடம் போயிற்று. பிறகு அவளும் கிழவரும் தும்மினார்கள். இப்படித் தும்மித் தும்மி எல்லோரும் தத்தம் குரலை வாங்கிக்கொண்டார்கள்.

சண்டை மூன்று மழைக்காலம் நடந்தது. லேசான சண்டை இல்லை. புன்னைத்துறை எரிந்தது. வேலப்பன் திரும்பி வரவில்லை. ஆனால் சங்கிலி முன்படகில் நின்று ஏலேலோ போட்டால் பதின்மூன்று துறைப் படகும் ஒரே துடுப்பாகப் போகும். ராஜாவின் கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஒரு படகு நிற்கும். ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் உப்புக் காற்றும் சேர்ந்து இரும்பு வீரர்களைத் துருப்பிடிக்க வைத்தன. மூட்டு இறுகிற்று. வாளைத் தூக்கியவன் தூக்கினபடி நின்றான். மூன்றாவது மழைக்காலத்தில் கவசங்கள் ஒவ்வொன்றாக உதிர, உள்ளேயிருந்த மூச்சு புஸ்ஸென்று போயிற்று. ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் ராஜா தன் மூச்சுக்கே இழுத்துக்கொண்டு கிடந்தான். 'இனி உங்களைக் கேட்கமாட்டேன், நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்' என்று எழுதியனுப்பினான். கூழைக்கடாதான் கொண்டுவந்தது. அதற்கு ஒரு கூடை மீன் கிடைத்தது, கஞ்சி இல்லை.

குயவர்கள் பானை வனைந்தார்கள். தண்ணீர் நின்றது.

நாடு ஜெயித்தபின் முதல் கூட்டம். கூடல் மணல், நல்ல காலை வெயில். பதின்மூன்று துறைக்கும் தலைத்துறை ஒன்று வேண்டுமே! காத்தாயி எழுந்தாள். "முதல்லே அடி வாங்கினது நாங்க. அதனாலே தாழைத்துறையே தலைத்துறையா இருக்கட்டும். சம்மதமா?"

"சம்மதமில்லே!" என்று ஒற்றைக் குரல் கேட்டது.

பத்தாயிரம் பேர் கையும் தானாகத் தங்கள் தொண்டைக்குப் போயிற்று. எல்லோரும் திரும்பினார்கள். சங்கிலி.

"ஏன் மச்சான்?" என்றாள் காத்தாயி. அவள் கையும் அவள் தொண்டையில்தான் இருந்தது.

"புன்னைத்துறை எரிஞ்சு கெடக்கு. அவங்களுக்கு அது இருக்கட்டும். அதோட உனக்கு இப்பவே தலைக்கனம். தலைத்துறைக்காரியும் ஆயிட்டா எனக்கு வீட்டிலே சோறு கிடைக்குமா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். தட்டான் பூச்சி எதுவும் பறக்கவில்லை. ஒரு காக்கை கத்திற்று. சங்கிலி தொண்டையைச் செருமினான். நன்றாகச் செருமிற்று. அந்த ருசிக்காகவே இன்னொரு தரம், கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "சம்மதமில்லே!" என்றான்.

காத்தாயி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றாள்.

அவ்வளவுதான், சீனியம்மாள் எழுந்து வலை எல்லையை ஆரம்பித்தாள். கடம்பத்துறைக் கிழவர் எழுந்தார். இருளாயி எழுந்தாள். ஆளுக்கொரு பக்கம் "சம்மதமில்லை, சம்மதமில்லை" என்று ஆசை தீரச் சொன்னார்கள். புன்னைத்துறைதான் தலைத்துறை என்று முடிவாகப் பதினோரு நாள் ஆயிற்று.

பதின்மூன்று துறையிலும் சண்டை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. நன்றாக இருக்கிறார்கள்.